மாற்று

நாலு ஆட்டம் முடிந்திருக்கிறது.
இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி.
ஒரு உரசலில் மாற்றுச் சொல்லிவிடாதே என்று
தொழில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது.
ஆனாலும் கேட்கிறார்கள்.
ஹட்டன் பஸ் நிலையத்தில், பேக்கரியில்,
அடகுக் கவுண்டரின் கண்ணாடிக்கு அப்பால்
தாலிக்கொடியை நீட்டிக்கொண்டே ஒருவர்:
"மிஸ், நம்ம டீம் இந்த முறை எப்படி?"

சொல்கிறேன்.

இந்துனிலை நீர்கொழும்பிலிருந்து வாங்கியது சரி.
மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று
தபால்பெட்டியில் கடிதம் போடுகிற மாதிரிப் போடுகிறான்.
ஆனால் நமது மண்டபத்தில்
கூரை ஒழுகும் மூலை எதென்று
அவனுக்கு இன்னும் தெரியாது.
கண்டிக்கு எதிராக அங்கேதான் வழுக்கினான்.
ரிஸ்மிக்குத் தெரியும். அந்த ஈரத்தைச் சுற்றிப்
பந்தைத் தட்டிக்கொண்டு போவான்,
தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவன் போல.
அவன் கையில் இருக்கும்வரை கவலையில்லை.
கையை விட்டால், யாரிடம் போகிறோமென்று
பந்துக்கே தெரியாது.

கிங்ஸ்லி மாஸ்டர் டைம் அவுட் கேட்பதில்லை.
சேர்த்து வைக்கிறார்.
சீட்டுக்காசா அது, கடைசியில் மொத்தமாக எடுக்க?
பதுளையோடு பதினேழு புள்ளி முன்னால் இருந்து
இரண்டால் தோற்றோம்.
அன்றிரவு மல்லியப்பூ சந்திவரை
குடையை விரிக்க மறந்து நடந்தேன்.

இனி பெனடிக்ட்.
ஆறடி நாலங்குலம். பொகவந்தலாவைப் பக்கம்
லயத்து வாசலில் குனிந்து குனிந்தே வளர்ந்து
தோள் கொஞ்சம் முன்னுக்கு வளைந்திருக்கும்.
பந்து தெறித்து விழும் இடத்தில்
போன வருடம் பந்துக்கு முந்திப் போய் நின்றவன்
இந்த வருடம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.
வயசு என்கிறார்கள். முழங்கால் என்கிறார்கள்.
குடி என்றுகூட ஒருவன் சொன்னான்,
எனக்குப் பின்படியில் கடலை கொறித்துக்கொண்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.
சொல்ல உரிமையில்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது.

லீக் தொடங்குவதற்கு முந்திய வியாழக்கிழமை,
பின்னேரம் இரண்டே முக்கால்,
கவுண்டரில் திடீரென வெளிச்சம் குறைந்தது.
நிமிர்ந்தேன்.
கண்ணாடித் துவாரம் அவன் வயிற்றுக்கு நேராக இருந்தது.
குனிந்து ஒரு சங்கிலியைத் தள்ளினான்,
சிலுவையை மட்டும் கழற்றிச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.
உரைத்தேன். அமிலம் விட்டேன்.
இருபத்திரண்டு கெரட். பவுண் ஒன்றேகால்.
"கழகம் மூணு மாசமா சம்பளம் போடல மிஸ்.
வெளியில சொல்லிறாதீங்க, டிக்கட் விக்காது."

சத்தியமாக அந்த நேரம் எனக்குக் கேட்கத் தோன்றியது
கண்டிக்காரர் இரண்டு பேராய் மறித்தால்
என்ன செய்வீர்கள் என்றுதான்.
கேட்கவில்லை. முழுப்பெயர் எழுதச் சொன்னேன்.
அருளப்பன் பெனடிக்ட் ராஜமாணிக்கம்.
ஜெர்சியில் வெறும் பதினொன்று.

அடுத்த கிழமை ரிஸ்மியின் மனைவி வந்தாள்.
வளையல் இரண்டு. அவளுக்கு என்னைத் தெரியாது.

ஆகவே, கேட்பவர்களுக்கு என் மதிப்பீடு:
தற்காப்பு பரவாயில்லை.
ஃப்ரீ த்ரோ நூற்றுக்கு ஐம்பத்தாறு, வெட்கம்.
நாலாம் இடம்வரை வரும்.
அதற்கு மேல் ஆசைப்பட்டால் அவரவர் பொறுப்பு.

இன்று குருநாகலோடு, மூன்றாம் கால்பகுதியில்,
பெனடிக்ட் எழும்பினான்.
போன வருடத்து எழும்பல். இரண்டு பேர் தோளுக்கு மேலால்.
மண்டபமே எழுந்து நின்றது; கடலைக்காரன் என் சேலையைக்கூட மிதித்தான்.
ஆறால் வென்றோம்.
முடிந்து எல்லாரும் கைகுலுக்கும்போது
பையிலிருந்து எதையோ எடுத்துக் கழுத்தில் மாட்டினான்.
கறுப்பு நூல். அதே சிலுவை.

பத்திரத்துக்குத் தவணை பன்னிரண்டு மாதம்,
லீக்குக்கு ஏழு.
வட்டி தினமும் ஏறும்,
புள்ளிப்பட்டியல் சனிக்கிழமைகளில் மட்டும்.

அடுத்த சனி இரத்தினபுரி இங்கே வருகிறது.
டிக்கட் இரண்டு வாங்கிவிட்டேன்.
என்னோடு வர ஆளில்லை.